டெல்லியில் ஒரு நாள் சுற்றுலா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பிலும் பக்கத்து பிளாக்குகளிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, வருஷத்துக்கு மூன்று முறையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்து டெல்லியின் பழைய இடங்களைப் பார்க்கப் போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, மாமனார் மாமியார், லீவுக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் இதில் சேர்த்தி. 20 பேரிலிருந்து 25 பேர் வரை வருவோம். ஏற்பாடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் நாள் இப்படிப் போகும்: காலையில் சுந்தர் நர்சரி என்ற தோட்டத்தில் டிபன், அடுத்து ஹுமாயூன் சமாதி, 10 மணிக்கு தேசிய அருங்காட்சியகம், மதியச் சாப்பாடு, காந்தி கடைசியாக வாழ்ந்த வீடான காந்தி ஸ்மிருதி, சாயங்காலம் குதுப் மினார். லிஃப்டிலும் போனிலும் காய்கறி வண்டிப் பக்கத்திலும் என்னிடம் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரே நாள்ல டெல்லி முழுக்கப் பார்த்துட முடியுமா?

முடியாது. ஒரு நாளில் பத்து இடம் காட்டும் பஸ்கள் இருக்கின்றன. அதில் போய்விட்டு வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பாதிக்கு மேல் ஜன்னல் வழியாகப் பார்த்ததாகத்தான் சொல்வார்கள். நாங்கள் நான்கு இடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கும். அருங்காட்சியகத்துக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன், அதைக் குறைக்க மாட்டேன். ஏன் என்று கீழே வரும்.

ஞாயிறு கூட்டமா இருக்குமே, திங்கட்கிழமை வச்சா என்ன?

திங்கட்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம். தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, செங்கோட்டை, சாணக்யபுரியில் இருக்கும் ரயில் அருங்காட்சியகம், தீன் மூர்த்தியில் இருக்கும் பிரதமர்கள் அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் அன்றைக்குத்தான் விடுமுறை. ஹுமாயூன் சமாதியும் குதுப் மினாரும் எல்லா நாளும் திறந்திருக்கும். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் திங்கட்கிழமை வாடகைக் கார் எடுத்து, மூன்று பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். பெரியவர் முகம் வாடிப்போயிருந்தது. இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றியது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் உண்டுதான். ஆனால் காலை 8 மணிக்கு டெல்லி இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் சீக்கிரம் கிளம்புகிறோம். குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களில் கர்த்தவ்ய பாதை பக்கம் சாலைகளை மூடிவிடுவார்கள், அருங்காட்சியகம் இருப்பது அதன் பக்கத்தில்தான். அந்த வாரம் வேண்டாம்.

எந்த மாசம் வர்றது நல்லது?

பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் பாதி வரை. வெயில் இதமாக இருக்கும், தோட்டங்களில் பூ இருக்கும். அக்டோபரும் பரவாயில்லை. தீபாவளிக்குப் பிறகு நவம்பரில் காற்று மோசமாகிவிடும், மூச்சுத் தொந்தரவு இருப்பவர்களை அப்போது கூட்டிக்கொண்டு அலையாதீர்கள். மே, ஜூனில் 45 டிகிரி வரை போகும். கல் தரையில் கால் வைக்க முடியாது.

தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை விடுவது டிசம்பர் கடைசியில் என்பதால் பலருக்கு வேறு வழி இல்லை, தெரியும். அப்போது வந்தால் பனிமூட்டம் இருக்கும். ஒரு முறை குதுப் மினாரின் அடியில் நின்றுகொண்டே அதன் மேல் பாதியைப் பார்க்க முடியவில்லை. டிசம்பர் டூருக்கு மட்டும் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தள்ளி வைக்கிறோம். காதை மூடும் குல்லாவும் சாக்ஸும் கட்டாயம். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டு வந்த மாமிகள் எல்லாரும் கடைசியில் என் சால்வையைத்தான் போர்த்திக்கொண்டார்கள்.

காலைல ரயில்ல வந்து இறங்குறாங்க, அப்படியே டூருக்கு வந்துடலாமா?

வேண்டாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ திருக்குறள் எக்ஸ்பிரஸிலோ இரண்டு ராத்திரி உட்கார்ந்து வந்தவர்களுக்கு அன்றைக்கு வெந்நீரும் ரசம் சாதமும் தூக்கமும் போதும். மறுநாள் வரட்டும்.

வேன் எதுக்கு, மெட்ரோல போனா செலவு கம்மிதானே?

இளவட்டங்கள் மட்டும் என்றால் மெட்ரோதான் சரி. குதுப் மினாருக்கு மஞ்சள் வழித்தடத்தில் அதே பெயரில் நிலையம் உண்டு. காந்தி ஸ்மிருதிக்கு லோக் கல்யாண் மார்க், அருங்காட்சியகத்துக்கு உத்யோக் பவன் அல்லது மத்திய தலைமைச் செயலகம், ஹுமாயூன் சமாதிக்கு ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம்.

ஆனால் நிலையத்திலிருந்து வாசல் வரை ஒவ்வொரு இடத்திலும் நடையோ ஆட்டோவோ தேவைப்படும். 70 வயசுக்காரர் ஐந்து பேர் இருக்கும் கூட்டத்தில் அந்த நடையே அவர்களைக் களைக்க வைத்துவிடும், உள்ளே போய்ப் பார்க்கத் தெம்பு இருக்காது. வேன் இருந்தால் ஸ்வெட்டர், தண்ணீர், மாத்திரைப் பை எல்லாம் அதிலேயே இருக்கும். களைத்தவர்கள் ஒரு இடத்தை விட்டுவிட்டு வேனில் படுத்துக்கொள்ளவும் முடியும்.

டிக்கெட் நீங்களே எடுத்துடுவீங்களா? சிங்கப்பூர் சித்தியும் யாழ்ப்பாணத்து மச்சானும் வர்றாங்க, அவங்களுக்கும் அதே விலையா?

எல்லாருக்கும் முந்தின நாளே ஆன்லைனில் எடுத்துவிடுகிறேன். தொல்லியல் துறையின் இடங்களில் (ஹுமாயூன் சமாதி, குதுப் மினார்) 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் உயரமான பிள்ளைகளை நிறுத்திக் கேட்பார்கள், ஆதார் நகல் கையில் இருக்கட்டும். காந்தி ஸ்மிருதிக்கு யாருக்குமே கட்டணம் இல்லை.

வெளிநாட்டுக் குடியுரிமை இருந்தால் கட்டணம் பல மடங்கு. ஆனால் சார்க் அமைப்பில் இருக்கும் நம் அண்டை நாட்டவர்களுக்குத் தொல்லியல் துறை இடங்களில் இந்தியர் கட்டணமே. அதனால் இலங்கைப் பாஸ்போர்ட்டில் வரும் மச்சானுக்கு நம் விலைதான், பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் என்றால் வெளிநாட்டவர் கட்டணம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசாங்கம் கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியர் கட்டணம் உண்டு. சித்தியிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று கேட்டு என்னிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கவுண்டரில் நின்றுகொண்டு இதைப் பேச ஆரம்பித்தால் 25 பேரும் காத்திருக்க வேண்டும்.

புளியோதரை, தயிர்சாதம் கட்டிட்டு வரலாமா?

தாராளமாக. ஆனால் ஹுமாயூன் சமாதியிலோ குதுப் வளாகத்திலோ புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதற்குத்தான் காலையில் முதலில் சுந்தர் நர்சரிக்குப் போகிறோம். ஹுமாயூன் சமாதிக்கு அடுத்தாற்போல் இருக்கும் 90 ஏக்கர் தோட்டம் அது. பழைய செடிப் பண்ணையைச் சீரமைத்து 2018-இல் திறந்தார்கள். விரிப்பு போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை எவர்சில்வர் தூக்கில் அடுக்கி எடுத்துப் போவோம். ஆறிய பிறகும் மெத்தென்று இருக்கும், கை கழுவத் தண்ணீர் கொஞ்சம் போதும். சாம்பார் வேண்டாம், வேன் குலுங்கினால் சீட்டெல்லாம் நாசம்.

மதியத்துக்கு இந்தியா கேட் பக்கத்தில் ஆந்திர பவன் கேன்டீன் இருக்கிறது, சாப்பாடு அருமை. ஆனால் ஞாயிறு மதியம் 25 பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் கன்னாட் பிளேஸில் ஏதாவது ஒரு தென்னிந்திய ஹோட்டலில் முன்பே சொல்லி வைத்துவிடுகிறேன்.

ஹுமாயூன் சமாதின்னா அது கல்லறைதானே? காலங்கார்த்தால அங்க போகணுமா, போய்ட்டு வந்து குளிக்கணுமா?

பெரியவர்கள் கேட்கிற நியாயமான கேள்வி இது. போகப் பிடிக்காதவர்கள் சுந்தர் நர்சரியிலேயே இருக்கலாம், யாரும் வற்புறுத்த மாட்டோம். குளிப்பது அவரவர் வழக்கம். ஆனால் இதுவரை தயங்கி உள்ளே வந்தவர்களில் பலர் கடைசியில் கிளம்ப மனமில்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்க்கப்போவது ஒரு பெரிய தோட்டம். நான்கு பாகமாகப் பிரித்து, நடுவில் வாய்க்கால் ஓடவிட்டு, மத்தியில் சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்கும் சேர்ந்த கட்டடம். கணவர் இறந்த பிறகு ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் கட்ட வைத்தது, 1570 வாக்கில் முடிந்தது. தாஜ்மஹாலுக்கு இதுதான் முன்மாதிரி. மனைவிக்காகக் கணவன் கட்டியதை உலகமே அறியும். அதற்கு அறுபது வருஷம் முன்பே கணவனுக்காக மனைவி கட்டியது இது என்று சொன்னதும், எங்கள் கூட்டத்துப் பெண்கள் அந்தக் கட்டடத்தை இன்னொரு முறை சுற்றி வந்தார்கள்.

ஹுமாயூன் இறந்தது பக்கத்தில் இருக்கும் பழைய கோட்டையில். 1556-இல் நூலக மாடிப்படியிலிருந்து தவறி விழுந்தார். 1857 கிளர்ச்சி தோற்றபோது கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாஃபர் வந்து ஒளிந்துகொண்டதும் இதே சமாதியில்தான், இங்கேதான் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். பிரிவினையின்போது அகதிகள் மாதக்கணக்கில் இந்தத் தோட்டத்தில் தங்கியிருந்தார்கள். குவிமாடத்தின் மேல் கலசம் இருக்கிறது, அண்ணாந்து பாருங்கள். 2014 மே மாதம் அடித்த புயல்காற்றில் கீழே விழுந்துவிட்டது, 2016-இல் புதிதாகச் செய்து ஏற்றினார்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி. படி ஏற முடியாது. கூட்டிட்டு வரலாமா?

கூட்டி வாருங்கள், ஆனால் ஒவ்வொரு இடமும் எப்படி என்று தெரிந்துகொண்டு வாருங்கள். ஹுமாயூன் சமாதியின் மேடைக்கு ஏறும் படிகள் உயரம் உயரமானவை, செங்குத்தானவை, கைப்பிடியை நம்ப முடியாது. அம்மா தோட்டத்திலேயே உட்காரட்டும், கட்டடம் அங்கிருந்து பார்க்கத்தான் அழகு. அருங்காட்சியகத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கலாம். காந்தி ஸ்மிருதி சமதளம். குதுப் வளாகத்தில் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும், செருப்பு வழுக்காமல் இருக்கட்டும்.

கழிப்பறை எல்லா இடத்திலும் உண்டு. சுத்தமாக இருப்பது அருங்காட்சியகத்தில். தேவையோ இல்லையோ, அங்கிருந்து கிளம்பும் முன் எல்லாரும் போய்விட்டு வந்துவிடுங்கள். வழியில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அன்றைக்கு முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்த ஒரு அம்மாவுக்கு மாலையில் மயக்கம் வந்துவிட்டது. கூச்சப்படாமல் சொல்லுங்கள், வேன் நிற்கும்.

மியூசியத்துல பசங்களுக்கு போர் அடிக்காதா?

சும்மா விட்டால் அடிக்கும். அதனால் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுக்கிறேன், ஐந்து பொருளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் பொருள் மொகஞ்சதாரோவின் நடன மங்கை. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்துக்குப் படம் பார்த்தவர்கள் பெரிய சிலையைத் தேடிக்கொண்டு போவார்கள். அவள் உயரம் 10.5 சென்டிமீட்டர்தான். ஒரு பையன் மூன்று தடவை அவள் எதிரிலேயே நடந்து போய்விட்டான். கண்டுபிடித்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அவள் இடது கை வளையல்களை எண்ண ஆரம்பித்தான். 20-ஐத் தாண்டியதும் கணக்கு தவறி மறுபடி ஆரம்பித்தான். அவனைக் கிளப்புவதுதான் கஷ்டமாக இருந்தது.

பெரியவர்களுக்கு வேறு ஒரு விஷயம். இந்த அருங்காட்சியகத்தை 1949 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. முதலில் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தது, 1960-இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. பிறகு இதன் இயக்குநராக இருந்தவர் சி. சிவராமமூர்த்தி. நடராஜர் வடிவத்தை ஆராய்ந்து பெரிய நூலே எழுதியவர். உத்தரப் பிரதேசத்தில் பிப்ரவா என்ற ஊரில் கிடைத்த புத்தரின் அஸ்தியும் இங்கே இருக்கிறது. அந்தக் கூடத்தில் மட்டும் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டு யாத்திரிகர்கள் உட்கார்ந்து தியானம் செய்துகொண்டிருப்பார்கள்.

சில கூடங்களைப் பராமரிப்புக்காக அவ்வப்போது மூடி வைப்பார்கள். முந்தின நாள் நான் போனில் கேட்டுவிடுவேன்.

சோழர் சிலையெல்லாம் நம்ம ஊர்க் கோயில்ல இருக்கவேண்டியதுதானே? இங்க ஏன் கண்ணாடிக்குள்ள இருக்கு?

வெண்கலக் கூடத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது தாழ்ந்த குரலில் இதைக் கேட்பார்கள். எனக்கும் மனசில் உறுத்துகிற கேள்விதான். படையெடுப்புக் காலங்களில் நம் ஊர்க்காரர்கள் உற்சவ மூர்த்திகளை மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றினார்கள். புதைத்தவர்கள் காலமாகிவிட்டார்கள், இடம் மறந்துபோயிற்று. நூற்றாண்டுகள் கழித்து ஏர் ஓட்டும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் சிலைகள் வெளியே வந்தன. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி அப்படிக் கிடைப்பவை அரசாங்கத்திடம் போக வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துச் சிலைகள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

திருட்டுப் போனவை வேறு கதை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் களவு போய், 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கும் வரை போனது. 2014 செப்டம்பரில் அந்த நாட்டுப் பிரதமரே டெல்லிக்கு எடுத்து வந்து கொடுத்தார், பிறகு தமிழ்நாடு போய்ச் சேர்ந்தது. எந்தக் கோயிலைச் சேர்ந்தது என்று தெரிந்து, அங்கே பாதுகாப்பும் நித்திய பூஜையும் இருந்தால் சாமி அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஊரே அழிந்துபோன சிலைக்கு, இப்படி எல்லாரும் பார்க்க ஓர் இடம் இருப்பது நல்லது.

அங்க சாமி கும்பிடலாமா? பூ வைக்கலாமா? போட்டோ எடுக்கலாமா?

பூ, விபூதி, கற்பூரம் எதுவும் கூடாது. கைகூப்பி நிற்பதை யாரும் தடுப்பதில்லை. போன வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, நடராஜர் முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உதட்டுக்குள் தேவாரம் பாட ஆரம்பித்தார். காவலர் கிட்டே வந்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே புரிந்துகொண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். பாடி முடித்துவிட்டுப் பாட்டி என்னிடம், "முயலகன் முகத்தைப் பாரு, மிதிபடறவன் மாதிரியா இருக்கு?" என்றார். அத்தனை முறை போயிருக்கிறேன், அதுவரை நான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் கேமராவில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். ஸ்டாண்ட் கூடாது. பெரிய பைகளை வாசலில் வைத்துவிட வேண்டும்.

தமிழ்ல சொல்ற கைடு கிடைப்பாங்களா?

வாசலில் நிற்பவர்களில் இந்தி, ஆங்கிலம் சொல்பவர்கள்தான் அதிகம். நாங்கள் வேறு வழி வைத்திருக்கிறோம். ஒரு இடத்துக்கு ஒரு குடும்பம் பொறுப்பு. முந்தின வாரமே படித்துவிட்டு வந்து, அங்கே பத்து நிமிஷம் தமிழில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சொன்னால் இன்னும் நல்லது. இங்கேயே பிறந்து வளர்ந்த 11 வயசுப் பெண் ஒருத்தி, தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், குதுப்பில் இரும்புத் தூணைப் பற்றிச் சொன்னாள். "துரு" என்ற வார்த்தை வராமல் தவித்தபோது அவள் தாத்தா மெல்ல எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் நாலு தடவை சொன்னாள். காசு கொடுத்து வைக்கும் கைடிடம் இது கிடைக்காது.

எங்கப்பா 1975-ல குதுப் மினார் மேல ஏறினாராம், தூணைக் கட்டிப்பிடிச்சாராம். இப்போ ஏன் விடறதில்ல?

அப்பா சொல்வது உண்மைதான். மினாரின் உயரம் 72.5 மீட்டர், உள்ளே 379 படிகள். 1981 டிசம்பர் 4 அன்று உள்ளே விளக்கு அணைந்து, குறுகலான படியில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகள். அன்றிலிருந்து யாரையும் உள்ளே விடுவதில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், கதவு பூட்டியிருப்பது ஏன் என்று புரியும்.

தூணுக்கு 1997-இல் வேலி போட்டார்கள். முதுகைத் தூணில் வைத்து இரண்டு கையையும் பின்னால் கோர்த்தால் நினைத்தது நடக்கும் என்று வருகிறவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து, அந்த உயரத்தில் மட்டும் இரும்பு தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது. வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தாலே நிற வித்தியாசம் தெரியும். 7 மீட்டருக்கு மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்தது, 1,600 வருஷமாக மழையில் நிற்கிறது. ஏன் துருப்பிடிக்கவில்லை என்று விளக்கியவர்களில் முக்கியமானவர் ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே மெல்லிய பாதுகாப்புப் படலம் உண்டாகி உள்ளே துரு இறங்காமல் தடுக்கிறது என்று காட்டினார்.

தூணைச் சுற்றியுள்ள மண்டபத்தையும் விட்டுவிடாதீர்கள். 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அங்கிருக்கும் கல்வெட்டே சொல்கிறது. உயரம் போதாமல் ஒரு தூணின் மேல் இன்னொரு தூணை நிறுத்தியிருப்பார்கள். சங்கிலியில் தொங்கும் மணியைச் செதுக்கிய தூண்களைப் பார்த்தால் நம் ஊர்க் கோயில் மண்டபம் ஞாபகம் வரும். அங்கே வாக்குவாதம் வேண்டாம், கல்லை மட்டும் நிதானமாகப் பாருங்கள் என்று எங்கள் ஆட்களிடம் முன்பே சொல்லிவிடுவேன்.

காந்தி ஸ்மிருதில பார்க்க அப்படி என்ன இருக்கு? ராஜ்காட் போனா போதாதா?

ராஜ்காட் அவரைத் தகனம் செய்த இடம். காந்தி ஸ்மிருதி, அப்போது பிர்லா மாளிகை, அவர் கடைசி 144 நாட்கள் வாழ்ந்த இடம். அவர் அறையில் ஒரு மெத்தை, எழுத ஒரு குட்டி மேஜை, கைத்தடி, கண்ணாடி, வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. அறையிலிருந்து தோட்டத்துப் பிரார்த்தனை மேடையை நோக்கி அவர் நடந்த வழியில் காலடிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். 1948 ஜனவரி 30, மாலை 5 மணி 17 நிமிஷம். அந்தக் காலடிகள் ஒரு இடத்தில் நின்றுவிடும்.

அரை மணி நேரம் போதும். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, அவரவர் நடந்து பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதை வைத்திருப்பதற்குக் காரணம், அருங்காட்சியகத்தில் நின்று நின்று களைத்தவர்கள் மரத்தடியில் கொஞ்சம் உட்காரலாம் என்பதுதான்.

செங்கோட்டை இல்லாம என்ன டெல்லி டூர்?

நிறையப் பேர் கோபமாகவே கேட்கிறார்கள். செங்கோட்டைக்கு மட்டும் அரை நாள் வேண்டும். பாதுகாப்புச் சோதனை, நீள நடை, வெளியே சாந்தினி சௌக் நெரிசல், இதை நான்கு இடத்தோடு ஐந்தாவதாகச் சேர்த்தால் முதல் கேள்வியில் சொன்ன ஜன்னல் டூர் ஆகிவிடும். அதனால் அதைத் தனியாக இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வைக்கிறோம். சுதந்திர தினத்துக்கு முன்னால் சில நாட்கள் உள்ளே விடமாட்டார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ஷாஜகான் மண்டபங்களோடு நிறுத்திவிட்டு வந்துவிடாதீர்கள். 2019-இல் திறந்த நேதாஜி அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையில் பெரும்பாலும் தோட்டத் தமிழ்ப் பெண்கள்தான். 1945 நவம்பரில் இந்தக் கோட்டையில்தான் அந்த ராணுவத்தின் அதிகாரிகள் மூவரை விசாரித்தார்கள். மூவரில் ஒருவரான பிரேம் சேகலை லட்சுமி பிறகு மணந்துகொண்டார்.

கூட்டத்துல யாராவது தொலைஞ்சுட்டா? எங்க மாமனாருக்கு ஒரு வார்த்தை இந்தி வராது.

ஒரு முறை நடந்தது. குதுப் வளாகத்தில் ஒரு பெரியவர் வேறு ஒரு கூட்டத்தின் பின்னாலேயே போய்விட்டார். போன் வேனில் இருந்தது. முக்கால் மணி நேரம் தேடினோம். என் தவறுதான், எண்ணிப் பார்க்காமல் உள்ளே நுழைந்துவிட்டேன். இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு அட்டை இருக்கும். இந்தியிலும் தமிழிலும் என் போன் நம்பர், வேன் நம்பர், எங்கே நிற்கிறது என்பது. தொலைந்தால் தேடி அலையாமல் கடைசியாக நம்மைப் பார்த்த இடத்திலேயே நிற்க வேண்டும், நாங்கள் வந்து அழைத்துக்கொள்வோம். ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணும் வேலை பிள்ளைகளுக்கு. அவர்கள் அதைப் பிரமாதமாகச் செய்கிறார்கள்.

கடைசி நேரத்துல வர முடியலைன்னா பணம் திரும்பக் கிடைக்குமா?

வேன் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று முன்பே பிரித்துவிடுகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்ப. அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பணம் மட்டும் திரும்பும், வேன் பங்கு திரும்பாது. மீதி ஏதாவது நின்றால் மறுநாளே கணக்கு எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன், ஐந்து ரூபாயாக இருந்தாலும். உடம்பு சரியில்லாமல் வராதவர்களிடம் இந்த விதியைப் பேசுவதில்லை.

திரும்பி வர்ற வழியில மலை மந்திர் போகலாமா?

குதுப்பிலிருந்து ஆர்.கே. புரம் சற்றுத் தூரம்தான். 1973-இல் கும்பாபிஷேகம் நடந்த உத்தர சுவாமிமலைக் கோயில் அது, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு டெல்லியில் குன்றின் மேல் முருகனைப் பார்ப்பது தனி சந்தோஷம். நேரம் இருந்தால் போவோம். ஆனால் அதற்காகக் குதுப்பில் அவசரப்படுத்த மாட்டேன். அங்கேயும் படி உண்டு, முட்டிவலிக்காரர்கள் கீழே இருந்து கும்பிட்டுக்கொள்ளலாம்.

நேரம் போதலைன்னா எந்த இடத்தை விட்டுடுவீங்க?

குதுப் மினாரை. அது அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணில் படும், இன்னொரு நாள் மெட்ரோவில் போய்விடலாம். இரண்டாவதாக விட வேண்டி வந்தால் ஹுமாயூன் சமாதியில் மேடை ஏறாமல் தோட்டத்தோடு திரும்பிவிடலாம். காந்தி ஸ்மிருதி அரை மணிதான், அதை விட வேண்டிய அவசியமே வராது. அருங்காட்சியகத்தின் இரண்டரை மணி நேரத்தில் மட்டும் கை வைக்க மாட்டேன். போன முறை மழை பெய்து எல்லாமே தாமதமானபோதும் அப்படித்தான் செய்தோம், குதுப்புக்குப் போகாமல் வெண்கலக் கூடத்தில் கூடுதலாக அரை மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.